இரண்டாம் கட்டத்திற்கு அனுமதி உண்டா?

மாதிரி ராக்கெட் என்றவுடன் தீபாவளி வாணத்தின் நினைவே நமக்கு முதலில் எழும். ஆனால் அமெரிக்காவில் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் ஏவும் உயர்திறன் மாதிரி ராக்கெட்டுகளில் ஆள் உயரத்தை மிஞ்சியவையும், ஒலியின் வேகத்தைக் கடப்பவையும் உண்டு.

அவற்றின் மோட்டார்களை ஆங்கில எழுத்துகளால் வகைப்படுத்துகின்றனர். வங்கிப் பணியில் இருக்கும் எங்களை முதலில் ஈர்த்தது அந்த வரிசையே. ஏ வகை மோட்டாரின் மொத்தக் கணத்தாக்கு, அதாவது உந்துவிசையையும் அது நீடிக்கும் நேரத்தையும் பெருக்கிய அளவு, 2.5 நியூட்டன் வினாடியைத் தாண்டாது. பி வகைக்கு 5, சி வகைக்கு 10 என ஒவ்வோர் எழுத்துக்கும் வரம்பு இரட்டிப்பாகும். கூட்டு வட்டியின் குணம் அறிந்தோர் அடுத்ததை ஊகித்துவிடுவர்: பதினான்கு படிகள் ஏறி ஓ வகையை அடையும்போது வரம்பு 40,960.

எச் வகையிலிருந்து உயர்திறன் தொடங்குகிறது. அவற்றைப் பயன்படுத்த 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சங்கம் வழங்கும் சான்றும் வேண்டும். எச், ஐ வகைகளுக்கு முதல்நிலைச் சான்று. ஜே, கே, எல் வகைகளுக்கு எழுத்துத் தேர்வுடன் இரண்டாம் நிலை. அதற்கும் மேல் மூன்றாம் நிலை. ராக்கெட் மேலே சென்றால் மட்டும் தேர்ச்சி இல்லை. பழுதின்றித் தரையிறங்கி, மீண்டும் பறக்கத்தக்க நிலையில் கைக்கு வந்து சேர வேண்டும். கடன் பிரிவில் பணியாற்றுவோர் இவ்விதியின் நியாயத்தை உடனே உணர்வர்.

இரண்டு கட்ட ராக்கெட் இவ்விளையாட்டின் கடினமான பகுதி. கீழ்க்கட்டம் முழுச் சுமையையும் தூக்கி, எரிந்து முடிந்து பிரியும். மேற்கட்டம் சிறிது நேரம் பெற்ற வேகத்திலேயே சென்று, பின் தன் மோட்டாரைப் பற்றவைத்துக் கொள்ளும். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து விண்ணில் பாய்ந்த நைக்கி அப்பாச்சியும் இத்தகைய இரு கட்ட ராக்கெட்டே. நைக்கி கீழ்க்கட்டம், அப்பாச்சி மேற்கட்டம்.

திட்டமிடல் கணினியில் தொடங்கும். பின்லாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வேடாக உருவான ஓப்பன் ராக்கெட் என்ற இலவச மென்பொருளைப் பலர் கையாளுகின்றனர். ஈர்ப்பு மையம் முன்னாலும், காற்றின் அழுத்த மையம் அதற்குப் பின்னால் குறைந்தது ஓர் உடல் விட்டத் தொலைவிலும் அமைய வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. இதனை இருமுறை போட வேண்டும்: இரு கட்டமும் இணைந்த நிலையில் ஒருமுறை, மேற்கட்டம் தனித்துச் செல்லும் நிலையில் மறுமுறை. புறப்படும்போது உந்துவிசை எடையைப் போல் ஐந்து மடங்கேனும் இருப்பது நலம். வேகம் குறைவாயின் ராக்கெட் காற்று வரும் திசை நோக்கித் தலை சாய்க்கும்.

அச்சாய்வே பெரிய ஆபத்து. ஒரு கட்ட ராக்கெட் சற்றுச் சாய்ந்தால் தொலைவில் போய் விழும், தேடி எடுத்துக்கொள்ளலாம். இரு கட்ட ராக்கெட்டில், சாய்ந்த நிலையில் மேற்கட்டம் பற்றிக்கொண்டால் அது வானை நோக்கி அன்று, ஊரை நோக்கிப் பாயும் எறிகணையாகிவிடும். எனவே உள்ளிருக்கும் சிறு கணினி, சுழல்மானியின் துணையால் சாய்வை அளக்கிறது. முன்கூட்டியே குறித்த கோணத்தை மீறினாலோ, குறித்த நேரத்தில் எதிர்பார்த்த உயரத்தை எட்டாவிட்டாலோ, பற்றவைப்புக்கு மின்சாரம் செல்லாது. பல மாத உழைப்பும் பெரும் பணமும் மேலே பறந்துகொண்டிருக்க, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அக்கருவிக்கு அளிக்கப்பட்டுள்ளது. எங்கள் கண்ணுக்கு ராக்கெட்டிலேயே மதிப்புமிக்க உறுப்பு அதுதான்.

ஏவும் நாளில் மனிதர்களுக்கும் விதிகள் உண்டு. நெவாடா மாநிலத்தின் பிளாக் ராக் பாலைவனம் போன்ற பரந்த வறண்ட ஏரிப்படுகையாயினும், விமானப் போக்குவரத்துத் துறையின் அனுமதி முன்னரே பெறப்பட வேண்டும். காற்று மணிக்கு 32 கிலோமீட்டரை மீறினால் ஏவுதல் இல்லை. ஏவுதண்டு செங்குத்திலிருந்து 20 பாகைக்கு மேல் சாயக்கூடாது. மேற்கட்டப் பற்றவைப்பின் மின்சுற்றை, ராக்கெட் ஏவுதண்டில் நிமிர்ந்து நின்ற பின்னரே உயிர்ப்பிப்பர். பொத்தானை அழுத்தியும் புறப்படாவிடில் 60 வினாடி வரை யாரும் அருகில் செல்லலாகாது. (நம் நாட்டில் வெடிபொருள் சட்டங்களும் வான்வெளி விதிகளும் தனியே உள்ளன, உரிய அனுமதியின்றி வீட்டு மாடியில் முயலத்தக்கதன்று இது.)

எல்லாம் ஒழுங்காக நடந்தால், உச்சியில் சிறிய பாராசூட் விரியும். தரையை நெருங்கும்போது பெரியது விரியும். கணினி அனுமதி மறுத்த நாளிலும் இவ்வேற்பாடு குறைந்த உயரத்திலேயே செயல்பட்டாக வேண்டும். அன்று இறங்குவது எரியாத மோட்டாரைச் சுமந்த மேற்கட்டம். அதனை அணுகுபவர் முதலில் செய்வது பற்றவைப்பின் மின்னிணைப்பைத் துண்டிப்பது. கீறல் விழுந்ததா என்று பார்ப்பதெல்லாம் அதன் பின்னரே.