கவச மோட்டார் வண்டி

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெரு, இறம்பொடையை அடைந்ததும் வளைந்து வளைந்து செல்லலாயிற்று என்பதைப் பயணம் செய்தோர் அறிவர். கொழுந்து ஏற்றிய லொறியை இவ்வழியே இறக்கும் சாரதி பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. கியரைக் குறைத்து, எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்துக்கொள்வார். பாரம் என்றால் யாது என்பதை அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இனி, அந்த லொறியின் பாரத்தை ஒத்த பாரத்தைத் தன் கதவிலும் கண்ணாடியிலும் கூரையிலும் மறைத்துக்கொண்டு, பார்வைக்குச் சாதாரணச் சொகுசு வண்டியாகத் தோன்றும் ஒரு மோட்டார் காரை எண்ணிப் பார்க்கலாம். நாட்டுத் தலைவர்களுக்கென்று தொழிற்சாலையிலேயே கவசமிட்டுக் கட்டப்படும் கார் அத்தகையது.

‘குண்டு துளைக்காத கார்’ என்று அதனை வழங்குகிறோம். இப்பெயர் முற்றிலும் பொருந்துவதன்று. எந்தச் சன்னமும் எக்காலத்தும் துளைக்காத வண்டி இன்னும் பிறக்கவில்லை. எந்த ஆயுதத்தை எவ்வளவு தாங்கும் என்ற தரமே உண்டு. ஐரோப்பியர் வழக்கில் B4 என்னும் தரம் கைத்துப்பாக்கிக்கு ஈடுகொடுப்பது. B6, B7 என்பன இராணுவத் துப்பாக்கிக்கு ஈடுகொடுப்பன. வாங்குவோர் தம் பகைவனின் ஆயுதம் இன்னதென முன்னரே ஊகித்துத் தரத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். அங்கேதான் சங்கடமும் இருக்கிறது.

ஜேர்மனியின் மேர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1928இல் வெளிவந்த நூர்பர்க் 460 என்னும் வண்டியிலிருந்தே தன் கவசக் கார்களின் வரலாற்றைக் கணக்கிடுகிறது. ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவும் 1930களில் அந்நிறுவனத்தின் 770 என்னும் பெரிய காரைக் கவசத்துடன் பெற்றார். ஆயினும் இத்தொழில் பெருகியது 1970களிலேயாம். மேற்கு ஜேர்மனியில் செம்படைக் குழுவினர் 1977 ஏப்ரலில் அரச தலைமை வழக்குத்தொடுநர் சீக்ஃப்ரீட் பூபாக்கை வண்டியிலேயே சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் நாள், தொழிலதிபர் சங்கத் தலைவர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்லையர் கொலோன் நகரில் கடத்தப்பட்டார். அவருடைய சாரதியும் மூன்று பொலிஸ் காவலரும் தெருவிலேயே மாண்டனர். இவ்விருவர் வண்டிக்கும் கவசம் கிடையாது. அதன்பின் தொழிற்சாலைக் கவசத்தை நாடுவோர் தொகை பெருகிற்று.

தொழிற்சாலைக் கவசம் என்று பிரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டி முடிந்த காரை வாங்கிப் பட்டறையில் உருக்குத் தகடு பொருத்துவோரும் உளர். தகடு எவ்வளவு தடித்ததாயினும், கதவும் தூணும் சந்திக்கும் இடுக்கு, கண்ணாடியின் விளிம்பு, பூட்டின் துளை ஆகிய இடங்களே பகைவனுக்கு வாயில்கள். தொழிற்சாலையில் உடற்கூடு உருவாகும்போதே தகடுகள் உள்ளே அமைகின்றன. ஒன்றன் விளிம்பு மற்றொன்றின்மேல் படியுமாறு, ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்குவதுபோல, அடுக்கப்படுகின்றன. சன்னம் எக்கோணத்தில் வந்தாலும் இடைவெளி அகப்படாது.

கண்ணாடியோ இன்னும் விந்தையானது. அது ஒரே பாளம் அன்று. பல கண்ணாடித் தகடுகளைப் பிளாஸ்டிக் படலம் இட்டு ஒட்டி, உட்புறத்தில் பொலிகார்பனேற் என்னும் உறுதியான செயற்கைத் தகட்டையும் சேர்க்கின்றனர். சன்னம் வெளிக் கண்ணாடியை நொறுக்குகிறது. நொறுக்கும்போதே தன் கூர்மையையும் வேகத்தையும் இழக்கிறது. உட்தகடு, தெறிக்கும் சில்லுகள் உள்ளிருப்போர் முகத்தில் பாயாமல் தடுக்கிறது. ஆக, இக்கண்ணாடி உடையாமல் காப்பதன்று, உடைந்து காப்பது. காற்று இறங்கிய பின்னும் சில கிலோமீற்றர் தூரம் ஓடக்கூடிய டயர், துளைபட்டால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தாங்கி, தீயணைக்கும் கருவி என்பனவும் உண்டு. இவற்றின் நோக்கம் நின்று போரிடுவதன்று. அவ்விடத்தை விட்டு ஓடுவதே.

ஓடுவதற்குத் தடையாக நிற்பது பாரம். ஏறத்தாழ இரண்டு தொன் நிறையுள்ள கார், உயர்ந்த தரக் கவசம் பூண்டால் நான்கு தொன்னையும் தாண்டும். நிறை இரட்டித்தால், அதே வேகத்தில் செல்லும் வண்டியை நிறுத்தப் பிரேக் இரு மடங்கு சக்தியை வெப்பமாக மாற்ற வேண்டும். இறம்பொடை வளைவுகளில் லொறிச் சாரதி அஞ்சுவது இந்த வெப்பத்தையே. ஆகவே இவ்வண்டிகளுக்குப் பெரிய எஞ்சினும், வலுவான பிரேக்கும், சிறப்புப் பயிற்சி பெற்ற சாரதியும் இன்றியமையாதன.

கவசத்தின் வெற்றிக்குச் சான்று 1998 பெப்ரவரி 9ஆம் நாள் கிடைத்தது. ஜோர்ஜியாவின் ஜனாதிபதி ஷெவர்ட்நாட்சேயின் வாகனத் தொடர் திபிலிசி நகரில் தாக்கப்பட்டது. ஜேர்மன் அரசாங்கம் அளித்திருந்த கவசக் கார் அவரைக் காத்தது. காவல் நின்ற மெய்க்காவலர் உயிரிழந்தனர். தோல்விக்குச் சான்று அதற்கு முன்னரே, 1989 நவம்பர் 30ஆம் நாள், ஜேர்மனியின் பாட் ஹோம்பேர்க்கில் கிடைத்திருந்தது. டொய்ச்ச வங்கித் தலைவர் அல்பிரட் ஹெர்ஹவுசன் கவச மேர்சிடிஸ் காரிலேயே சென்றார். தெருவோரத்தில் ஒரு சைக்கிள் நின்றது, அதன்மேல் குண்டு. முன்னே சென்ற காவல் வண்டியைப் போகவிட்டு, ஒளிக்கதிர் ஒன்றைத் தெருவுக்குக் குறுக்கே வைத்திருந்தனர். அவர் வண்டி அதனைக் கடந்ததும் வெடித்த குண்டு ஒரு செப்புத் தகட்டைத் திரட்டி எறிந்தது. அது கவசக் கதவை ஊடுருவிற்று. சன்னத்துக்கு எதிராகக் கட்டிய கதவு வேறோர் ஆயுதத்துக்கு விடைகொடுக்க இயலவில்லை.

இலங்கையின் அனுபவம் வேறொன்றைப் புலப்படுத்துகிறது. 1993 மே 1ஆம் நாள் ஜனாதிபதி பிரேமதாச கொலையுண்டபோது மேதின ஊர்வலத்தின் நடுவே தெருவில் நின்றார். அவ்விடம் கொழும்பு ஆமர் வீதிச் சந்தி; ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குக் கவசம் என்று பொருள்! அவரோடு வேறு பலரும் மாண்டனர். 1999 டிசெம்பர் 18ஆம் நாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க, கொழும்பு நகர மண்டப முன்றிலில் கூட்டம் முடிந்து தம் வண்டியை நோக்கிச் சென்றவேளை குண்டு வெடித்தது. அவர் வலது கண்ணின் பார்வையை இழந்தார். மெய்க்காவலர் உள்ளிட்ட பலர் இறந்தனர். வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர், நாட்டில் மிகக் கடுமையான காவல் பெற்றிருந்தோருள் ஒருவர். 2005 ஆகஸ்ட் 12ஆம் நாள் இரவு, தம் வீட்டு நீச்சற் குளத்தருகே, அயல் வீட்டிலிருந்து வந்த சன்னங்களால் வீழ்ந்தார். மக்களாட்சித் தலைவர் மக்களிடம் இறங்கித்தான் ஆக வேண்டும். வீட்டிலும் வாழ்ந்துதான் ஆக வேண்டும். வண்டியின் கவசம் கதவோடு முடிந்துவிடுகிறது. கவசத்துக்குள் இருப்பவர் ஒருவர், இருவர். வெளியே ஓடிவரும் காவலருக்கும், தெருவோரம் நிற்கும் சனங்களுக்கும் சட்டைதான் கவசம். இத்தொழிலைப் புகழ்வோர் இதனை அதிகம் பேசுவதில்லை.

பதவியிலிருந்து நீங்கிய கவசக் கார்களைப் பழம்பொருளாக விரும்பி வாங்குவோரும் உளர். கதவின் பாரத்தால் கீல்கள் தேய்ந்து தொங்கும். கண்ணாடியும் பொலிகார்பனேற்றும் வெயிலில் ஒரே அளவாக விரிவதில்லையாதலால், காலப்போக்கில் அடுக்குகள் பிரிந்து, விளிம்பிலிருந்து பால்போல வெண்மை படர்கிறது. துடைத்தால் அது போகாது. கண்ணாடியையே மாற்ற வேண்டும். அதற்காகும் செலவு சில வேளை, பழைய வண்டிக்குக் கொடுத்த விலையையும் மிஞ்சிவிடும்.