சுனிதி சாலமனும் எச்.ஐ.வி. ஆய்வின் சென்னைத் தொடக்கமும்

இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பதை முதன்முதலில் நிறுவிய ஆய்வு 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நடந்தது. அதைத் திட்டமிட்டு வழிநடத்தியவர் அக்கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். ஊசியும் குப்பியுமாக அலைந்து ரத்த மாதிரிகளைத் திரட்டியவர் அவருடைய முதுநிலை மாணவி செல்லப்பன் நிர்மலா. அந்த ஆண்டு தொடங்கி 2015-ல் மறையும் வரை சுனிதியின் வாழ்க்கை இந்த ஒரு வைரஸைச் சுற்றியே அமைந்தது.

சென்னையில் தோல் வணிகம் செய்துவந்த மராத்தியக் குடும்பத்தில் எட்டுப் பிள்ளைகளில் ஒரே பெண்ணாகப் பிறந்தவர் சுனிதி கைதொண்டே. தடுப்பூசி போட ஆண்டுதோறும் வீட்டுக்கு வரும் சுகாதார அதிகாரியைப் பார்த்தே மருத்துவத்தின் மீது அவருக்கு நாட்டம் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். இதய அறுவை மருத்துவரான விக்டர் சாலமனை மணந்து, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நோய்க்குறியியலில் பயிற்சி பெற்றார். 1973-ல் நாடு திரும்பி, நுண்ணுயிரியலில் உயர்கல்வி முடித்துத் தம் பழைய கல்லூரியிலேயே ஆசிரியரானார்.

எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவக் குறிப்பு 1981 ஜூன் மாதம் அமெரிக்காவில் வெளியானது. 1983-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனம் அதற்குக் காரணமான வைரஸைப் பிரித்தெடுத்தது. 1985-ல் எலைசா என்னும் ரத்தப் பரிசோதனை புழக்கத்துக்கு வந்தது. அன்றைய இந்தியாவில் பலர் இதை மேலைநாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய் என்றே எண்ணினர். இந்தியக் குடும்ப அமைப்பு நம்மைக் காக்கும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் இருந்தது. மும்பையில் எடுத்த சில நூறு மாதிரிகளில் வைரஸ் தென்படாததும் அந்த நம்பிக்கைக்கு வலு சேர்த்தது. தேடிப் பார்க்காமல் இல்லை என்று சொல்வதை சுனிதி ஏற்கவில்லை. நிர்மலாவின் பட்ட ஆய்வுக்குத் தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு என்ற தலைப்பைக் கொடுத்தார்.

நிர்மலாவுக்கு அப்போது 32 வயது. இரண்டு சிறு குழந்தைகளின் தாய். மரபில் ஊறிய குடும்பத்திலிருந்து வந்த அவர், பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுக்க முதலில் தயங்கினார். மும்பையைப் போல் சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனிப் பகுதி எதுவும் இல்லை. எனவே அரசுப் பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களோடு பேசிப் பழகி, அத்தொழிலில் பிடிபட்டவர்களை அடைத்து வைக்கும் அரசுக் காப்பகத்தைப் பற்றி அறிந்தார். அங்கே சென்று ரத்தம் எடுக்கத் தொடங்கினார். கையுறையோ வேறு பாதுகாப்போ கிடையாது. சுமார் மூன்று மாதங்களில் 80-க்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. சுனிதி ஏற்பாடு செய்த சிறிய ஆய்வகத்தில் சீரம் பிரிக்கப்பட்டது. அவற்றைப் பத்திரப்படுத்த வேறு இடமில்லாமல் நிர்மலா தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்தார்.

சென்னையில் எலைசா பரிசோதனைக்கு வசதி இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் சீரக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு காட்பாடிக்கு இரவு ரயில் ஏறினார்கள். அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போகும் அதே தடம்தான் அது. இன்று அந்தத் தடத்தில் நாள்தோறும் வேலைக்குப் போய் வருகிறவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்! வேலூரில் வைராலஜி துறையை நடத்திவந்த ஜேக்கப் ஜான் உதவிக்கு ஆட்களைத் தந்தார். எலைசாவில் வைரஸுக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் இருந்தால் கரைசல் நிறம் மாறும். ஆறு குழிகள் மஞ்சளாயின.

ஒரே ஒரு சோதனையை வைத்து இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்ல முடியாது. அந்த ஆறு பெண்களிடமும் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். வேலூர் குழுவைச் சேர்ந்த எரிக் சிமோஸ் மாதிரிகளை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். எலைசாவைவிடத் துல்லியமான வெஸ்டர்ன் பிளாட் சோதனை அங்கே முடிவை உறுதி செய்தது. மே மாதம் தமிழகச் சுகாதாரத் துறை அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் செய்தியை அறிவித்தார். நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பிறகு கிண்டி கிங் நிலையத்தில் சேர்ந்து 2010-ல் ஓய்வு பெற்றார். நீண்ட காலம் அவர் பெயரைப் பொதுமக்கள் அறிந்திருக்கவில்லை.

தங்கள் ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்றைய ஆய்வு நெறிகள் இதை அனுமதிக்காது. நாட்டின் எச்.ஐ.வி. ஆய்வு அவர்களுடைய ரத்தத்தில்தான் தொடங்கியது. அவர்களுக்கு அதனால் என்ன நன்மை கிடைத்தது என்ற கேள்விக்கும் வரலாறு பதில் சொல்லியாக வேண்டும்.

1988-ல் சுனிதி சென்னை மருத்துவக் கல்லூரியில் எய்ட்ஸ் ஆய்வுக்கும் தகவலுக்கும் தனிக் குழு ஒன்றை அமைத்தார். 1993-ல் அரசுப் பணியை விட்டு, ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். எச்.ஐ.வி. என்று கேட்டதும் மருத்துவமனைகளே கதவைச் சாத்திய காலம் அது. சோதனை, ஆலோசனை, சிகிச்சை, ஆய்வு நான்கும் ஒரே கூரையின் கீழ் வந்தன. பிற்பாடு தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை வளாகத்தில் பல ஆண்டுகள் நடந்தன. அங்கே வந்த பெண்களில் பெரும்பாலோர் கணவரைத் தவிர யாரையும் அறியாத இல்லத்தரசிகள். ஒழுக்கம் காக்கும் என்ற பழைய வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு தேவையில்லை. பெண்ணின் ஒழுக்கத்தால் கணவரிடமிருந்து வரும் வைரஸைத் தடுக்க முடியாது.

மருந்துகளின் கதையைப் புரிந்துகொள்ள வைரஸின் வேலையைத் தெரிந்துகொள்வது நல்லது. எச்.ஐ.வி. தன் மரபுச் செய்தியை ஆர்.என்.ஏ. வடிவில் சுமந்துவருகிறது. சிடி4 என்னும் வெள்ளணுவுக்குள் புகுந்ததும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியால் அதை டி.என்.ஏ.வாக மாற்றி, இன்டகிரேஸ் என்ற நொதியால் மனித டி.என்.ஏ.வோடு இணைத்துவிடுகிறது. பிறகு அந்த அணுவே வைரஸைத் தயாரிக்கிறது. உருவாகும் புதிய வைரஸ்களைப் புரோட்டியேஸ் என்ற நொதி முழுமையாக்குகிறது. மருந்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்று நொதிகளில் ஒன்றையே முடக்குகின்றன. 1987-ல் அனுமதி பெற்ற முதல் மருந்தான ஏ.இசட்.டி. முதல் நொதியைக் குறிவைத்தது. ஆனால் இந்த வைரஸ் படியெடுக்கும்போது அடிக்கடி பிழை செய்கிறது. அந்தப் பிழைகளில் சில மருந்தை எதிர்க்கும் வடிவங்களாக அமைந்துவிடுகின்றன. ஒற்றை மருந்து சில மாதங்களில் தோற்றது அதனால்தான். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்க்கும் மாற்றங்கள் தோன்றுவது மிக அரிது. 1996-ல் மூன்று மருந்துக் கூட்டு உலகெங்கும் மரணங்களைக் குறைக்கத் தொடங்கியது.

அந்தக் கூட்டின் அன்றைய விலை ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல். 1970-ன் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு அல்லாமல் தயாரிப்பு முறைக்கே உரிமை அளித்ததால், இந்திய நிறுவனங்கள் வேறு வழியில் அதே மருந்தைச் செய்ய முடிந்தது. 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீது அந்தக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தர முன்வந்தார். இந்த மலிவு மருந்து உண்மையில் வேலை செய்யுமா என்ற சந்தேகம் மேலைநாடுகளில் எழுந்தது. அதற்குச் சென்னையிலிருந்து பதில் போனது. ஒய்.ஆர்.ஜி. கேரில் என். குமாரசாமியும் சுனிதியும் உடன் பணியாற்றியோரும் இந்தியத் தயாரிப்பு மருந்துகளை உட்கொண்ட நோயாளிகளின் சிடி4 அளவையும் பக்கவிளைவுகளையும் பதிவு செய்து 2003 முதல் வெளியிட்டார்கள். சிடி4 உயர்ந்தது; மருந்து வேலை செய்தது. புது மருந்தைக் கண்டுபிடிப்பதற்குக் குறையாத அறிவியல் பணி இது. இப்படிப்பட்ட தரவுகள் இல்லாமல் எந்த அரசும் துணிந்து லட்சக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்திருக்க முடியாது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒன்று.

குறைகளும் பதிவாயின. ஆரம்பக் கூட்டில் இருந்த ஸ்டாவுடின் பலருக்குக் கால் எரிச்சலையும் மரத்துப்போதலையும் தந்தது. முகக் கொழுப்பைக் கரைத்துக் கன்னங்களை ஒட்டச் செய்தது. ஒளித்து வைத்த நோயை முகமே காட்டிக்கொடுத்ததால் சிலர் மருந்தையே நிறுத்தினார்கள். 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. இப்போது இந்தியத் திட்டத்தின் முதன்மைக் கூட்டில் உள்ள டோலுடெக்ராவிர் இன்டகிரேஸைத் தடுக்கும் மருந்து. நாளுக்கு ஒரு மாத்திரை போதும்.

சென்னை பங்கேற்ற ஆய்வுகள் எல்லாமே வெற்றி பெற்றுவிடவில்லை. பெண்கள் தாங்களே பயன்படுத்தித் தொற்றைத் தடுக்கும் நோக்கில் செல்லுலோஸ் சல்ஃபேட் ஜெல் பரிசோதிக்கப்பட்டது. அது பயன் தரவில்லை, ஆபத்தைக் கூட்டக்கூடும் என்ற ஐயமும் எழுந்ததால் 2007 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அடுத்த பெரிய ஆய்வு நேர்மாறாக அமைந்தது. எச்.பி.டி.என். 052 என்ற அந்த ஆய்வில் ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 1,763 தம்பதிகள் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொரு இணையிலும் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. பாதிப் பேருக்கு மருந்தை உடனே தொடங்கினார்கள். மீதிப் பேருக்கு அன்றைய வழக்கப்படி சிடி4 குறைந்த பிறகு தொடங்கினார்கள். 2011 மே மாதம் முடிவு வந்தது. துணையிடமிருந்தே வந்தது என்று மரபணு ஆய்வால் உறுதியான 28 தொற்றுகளில் ஒன்று மட்டுமே உடனே மருந்து தொடங்கியவர்கள் பக்கம் நேர்ந்தது. அதாவது பரவல் 96 சதவீதம் குறைந்தது. சயின்ஸ் இதழ் அந்த ஆண்டின் தலைசிறந்த அறிவியல் சாதனையாக இதைத் தேர்ந்தது. உடலில் வைரஸ் அடங்கியிருந்தால் அது பாலுறவு வழியாக அடுத்தவருக்குப் போவதில்லை என்ற இன்றைய புரிதலுக்கு அடித்தளம் இந்த ஆய்வு. சென்னைத் தம்பதிகளும் அதில் இருந்தார்கள்.

தம்மிடம் வந்த எச்.ஐ.வி. உள்ளோருக்கு சுனிதி வரன் பார்த்துத் திருமணமும் செய்துவைத்தார். மருந்தால் ஆயுள் நீண்ட பிறகு, வாழ ஒரு துணை வேண்டாமா என்பது அவருக்கு மருத்துவக் கேள்வியாகவே இருந்தது. கணையப் புற்றுநோயால் 2015 ஜூலை 28 அன்று சென்னையில் காலமானார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

அதே 2017-ல் நிறைவேறிய எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடக்கூடாது. வேலை கொடுக்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக்கூடாது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆலைகளில் வேலை தேடும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்தும் இலவசம். ஐயம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.