சொல் தேடியவர்

முதல் உலகப் போர் முடிந்த கையோடு, காய்ச்சலில் உடம்பு நொந்து திரும்பியிருந்த ஓர் இளைஞருக்கு ஆக்ஸ்ஃபோர்டில் அகராதி வேலை கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி அப்போது கடைசி எழுத்துகளை எட்டியிருந்தது. 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும் சில சொற்களின் வேரைத் தேடிப் பிடிப்பது அவர் பொறுப்பு. 'வால்ரஸ்' என்ற ஒரே சொல்லுக்காக எழுதி, அடித்து, மறுபடியும் எழுதிப் பல வரைவுகள் போட்டிருக்கிறார். ஜே.ஆர்.ஆர். டோல்கீனுக்கு அன்று வயது இருபத்தேழு. நெருங்கிய நண்பர்கள் மூவரில் இருவரை 1916-இலேயே போருக்குப் பறிகொடுத்திருந்தார்.

இன்று அவர் பெயரைச் சொன்னால் சினிமாதான் நினைவுக்கு வருகிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் மூன்றாவது படம் மட்டுமே 11 ஆஸ்கர் விருதுகளை அள்ளியது. நியூசிலாந்தில் படப்பிடிப்புக்காக ஓர் ஆட்டுப்பண்ணையில் கட்டிய, ஹாபிட் என்னும் கதைக் குள்ளர்களின் ஊரை உலகமே போய்ப் பார்க்கிறது. 2022-இல் வெளிவந்த 'தி ரிங்ஸ் ஆஃப் பவர்' தொடர் தமிழ்க் குரலிலும் நம் வீடுகளுக்கு வந்துவிட்டது.

அன்றைய நிலைமையே வேறு. 1925-இல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர் ஆன பிறகும், பிள்ளைகள் நால்வர் வளர்ந்த வீட்டில் பணம் போதவில்லை. கோடை விடுமுறையில் பள்ளித் தேர்வுத் தாள்களைத் திருத்திச் சம்பாதித்தார். ஒரு மாணவர் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தார். சலிப்போடு தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அந்த வெற்றுப் பக்கத்தில், வளையில் வாழும் ஹாபிட் என்று ஒரு வாக்கியம் எழுதிவைத்தார். ஹாபிட் என்றால் யார் என்று அப்போது அவருக்கே தெரியாது. சொல்தான் முதலில் வந்தது. கதை பின்னால் வந்தது. 1937-இல் 'தி ஹாபிட்' அச்சானபோது முதல் பதிப்பு 1,500 பிரதிகள். பதிப்பாளரின் பத்து வயது மகன் கைப்பிரதியைப் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்ததும், அதற்கு ஒரு ஷில்லிங் கூலி வாங்கியதும் பதிப்புலகம் அறிந்த கதை.

அதே பையன் வளர்ந்து, அடுத்த நூலை வெளியிடலாம் என்று அப்பாவுக்கு எழுதினான். ஆயிரம் பவுண்டு வரை நஷ்டம் வரலாம் என்றும் சொல்லிவிட்டான். அப்பா துணிந்தார். 1954, 55-இல் மூன்று தொகுதிகளாக வந்தது 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற அந்த நூல். தட்டச்சுக்கு ஆள் வைக்கக் கையில் காசில்லாமல், அத்தனை பெரிய கைப்பிரதியையும் பேராசிரியரே தட்டியிருந்தார்.

அவருடைய ஆய்வுத் துறையிலும் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய தூரம் உண்டு. பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தை அறிஞர்கள் பெரும்பாலும் வரலாற்றுச் செய்தி தோண்டும் சுரங்கமாகவே பார்த்து வந்தார்கள். அதிலுள்ள அரக்கனும் பறவைநாகமும் அவர்களுக்குச் சங்கடம். 1936-இல் டோல்கீன் ஆற்றிய உரை, அந்த அரக்கர்களே காவியத்தின் உயிர் என்று நிறுவியது. இன்று அந்த உரையைத் தொடாமல் பேயோவுல்ஃப் பாடம் நடத்துவது கடினம். என் கணக்கில், அவர் வேறெதுவும் எழுதாமல் போயிருந்தாலும் இது ஒன்றே போதும்.

மொழிகளைப் புனைவதை அவர் தம்முடைய ரகசியக் கெட்ட பழக்கம் என்றே 1931-இல் ஓர் உரையில் சொன்னார். ஃபின்னிஷ் ஒலியில் மயங்கிக் குவென்யாவை உருவாக்கினார். வெல்ஷ் ஒலியிலிருந்து சிண்டாரினை. அந்த மொழிகளைப் பேச ஓர் உலகம் வேண்டும் என்பதற்காகவே கதை பிறந்தது. இன்று அந்த இலக்கணங்களைப் படித்து எழுதிப் பழகும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். படங்களின் போர்க்காட்சிகளில் மட்டும் மனம் செலுத்துகிறவர்கள் இந்த வேரைப் பார்க்காமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அவருடைய இளமைக்கால ஊரும் அன்றுபோல் இல்லை. சிறுவயதில் நான்கு ஆண்டுகள் அவர் வாழ்ந்த சேர்ஹோல், அன்று வயலும் ஓடையும் மாவரைக்கும் நீர்ச்சக்கர ஆலையும் கொண்ட சிற்றூர். பிறகு பர்மிங்காம் நகரம் அதை விழுங்கியது. ஆலை மட்டும் தப்பியது. அறுபதுகளில் அதைப் புதுப்பிக்க டோல்கீனும் பணம் கொடுத்தார். இன்று அது அருங்காட்சியகம்.

டோல்கீன் 1973-இல் காலமானார். மூன்று ஆண்டு கழித்து ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் துணைத் தொகுதி ஒன்று வெளிவந்தது. அதில் 'எச்' எழுத்தின் கீழ் 'ஹாபிட்' என்ற சொல் இருந்தது. விளக்கம் எழுதும்போது அவரிடமே கேட்டிருந்தார்கள். அதைத் தொகுத்த ராபர்ட் பர்ச்ஃபீல்ட் அவருடைய மாணவர்.