ஒரே ரத்தம், இரண்டு அளவுகள்

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் விழுங்கும் மாத்திரை டாக்ரோலிமஸ். 1984-இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து இது. புதிய உறுப்பைத் தாக்கவரும் வெள்ளணுக்களை அடக்கிவைக்கிறது. ரத்தத்தில் இதன் அளவு குறைந்தால் உடல் உறுப்பை நிராகரிக்கும். கூடினால் கை நடுங்கும், சர்க்கரை ஏறும், காப்பாற்ற வேண்டிய சிறுநீரகமே கெடும்.

முதல் சில மாதங்கள் கடந்த பலருக்கு மருத்துவர்கள் எதிர்பார்ப்பது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 முதல் 8 நானோகிராம் வரைதான். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு! இதை அளக்க இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது இம்யூனோஅஸே. மருந்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைக் கொண்டு தானியங்கிக் கருவி அளக்கும். முடிவு விரைவில் வரும். ஆனால் கல்லீரல் மருந்தைச் சிதைத்து உண்டாக்கும் துணைப்பொருள்களும் அதே ஜாடையில் இருப்பதால், அண்ணனைத் தம்பி என்று நினைப்பதுபோல எதிர்ப்பொருள் சில சமயம் ஏமாந்துவிடும். அப்போது அளவு கூடுதலாகத் தெரியும். இரண்டாவது எல்.சி.எம்.எஸ். எனும் நிறை நிறமாலைமானி முறை. மூலக்கூறுகளைப் பிரித்து, எடையால் இனங்கண்டு எண்ணுவதால் துல்லியம் அதிகம். கருவியின் விலையும், அதை இயக்கத் தேவையான பயிற்சியும் அதிகம்.

அந்தமானில் இது வெறும் ஆய்வகச் செய்தி அல்ல. போர்ட் பிளேரிலிருந்து, அதாவது 2024 முதல் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, சென்னைக்குக் கப்பலில் வர ஏறத்தாழ மூன்று நாளாகும். உயர் சிகிச்சைக்குச் சென்னைக்கும், 1971-லேயே சிறுநீரக மாற்று நடந்த வேலூருக்கும் வந்து போகும் தீவுவாசிகள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஆய்வகத்தில் பரிசோதித்தால், 6 என்பது 7 ஆவது மருந்தாலா, முறையாலா என்று எப்படித் தெரியும்? வயிற்றுப்போக்கு வந்தாலும் அளவு ஏறும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை வெகுவாக இறக்கிவிடும். உண்மையான மாற்றத்தைக் காண, அளவுகோல் மாறாமல் இருக்க வேண்டும்.

ஆகவே காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுங்கள். கூடியவரை ஒரே ஆய்வகத்துக்குச் செல்லுங்கள். அறிக்கையில் முறையின் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

விரல் நுனியிலிருந்து சில துளிகளைத் தாளில் உலர்த்தித் தபாலில் அனுப்பும் முறையும் உலகில் சில மையங்களில் நடைமுறையில் உள்ளது. ரத்தத்தின் அடர்த்தி கணக்கைப் பாதிக்கலாம் என்பதால், வழக்கமான ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பின்பே இதை நம்பலாம். அந்தச் சரிபார்ப்பைத் தீவு மருத்துவமனைகளும் தமிழக மையங்களும் சேர்ந்து தொடங்க வேண்டும். நோயாளி கடல் கடப்பதைவிட, தாள் கடப்பது எளிது.