தோட்டத்துத் தமிழும் மலையக மக்கள் வரலாறும்

பூண்டுலோயாவைச் சூழ்ந்துள்ள தோட்டங்களுட் சிலவற்றின் பெயர்களை அன்பர்கள் ஒருமுறை நினைவிற் கொண்டுவருவார்களாக. டன்சினன், ஷீன், ஹரோ, ஈற்றன் என்பன அவை. டன்சினன் ஸ்கொத்லாந்து தேசத்துக் குன்று ஒன்றின் பெயர். சேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் பயின்றோர் அதனை அறிவர். ஹரோவும் ஈற்றனும் இங்கிலாந்திற் பெருஞ்செல்வர் தம் மைந்தரைப் பயிற்றும் இரு பாடசாலைகளின் பெயர்கள். காடு வெட்டிய நம் முன்னோரின் பிள்ளைகளுக்கு ஒரு திண்ணைப் பள்ளிதானும் வாய்க்காத காலத்தில், அவர் வாழ்ந்த மலைகள் இரண்டு உலகம் அறிந்த பாடசாலைகளின் பெயரைத் தாங்கி நின்றமை எண்ணி நகைத்தற்குரியது.

பெயரிட்டோர் துரைமார். அம்மலைகளைத் தேயிலை மலைகளாக்கியோர் யாவர், எவ்வூரினர், எச்சொல் வழங்கினர், எதனைப் பாடினர் என்பனவெல்லாம் எங்கே எழுதப்பட்டுள்ளன? பொன்விழா மலர் ஒன்றிற்கு ஏற்ற பொருள் யாதென ஆராய்ந்தபோது எம் நெஞ்சில் எழுந்த வினா இதுவே.

வந்த வரலாறு யாவரும் அறிந்ததே, அதனை விரிக்கவேண்டுவதில்லை. 1820களிற் கோப்பிப் பயிர் தொடங்கியது முதல், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளினின்றும் மக்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இற் கோப்பி இலையை நோய் பற்றியது. பின்னர் மலையெங்கும் தேயிலையாயிற்று. 2023ஆம் ஆண்டில், இருநூறாண்டு நிறைவை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே திசையில் மக்கள் மீண்டும் நடந்தனர்.

அரசும் நிலமும் இல்லாத ஒரு மக்கட் கூட்டம் தன் மொழியையும் வரலாற்றையும் எங்ஙனம் காத்தல் கூடும் என்பதற்குப் பிறநாட்டு உதாரணம் ஒன்றை ஈண்டுக் காட்ட விரும்புகின்றோம். அசிரியரின் தலைநகராகிய நினிவே கி.மு. 612இல் வீழ்ந்தது. அசூர்பனிபால் மன்னன் திரட்டிய களிமண் ஏடுகள் 19ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தெடுக்கப்பெற்று இலண்டன் நூதனசாலையைச் சேர்ந்தன. பண்டிதர்கள் அவற்றை வியந்து கற்றனர். அதே காலத்தில், அசிரியர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் கிறித்தவ மக்கள் ஈராக்கின் வடபாலும் துருக்கி மலைகளிலும் பாரசீகத்து ஊர்மியா ஏரிக்கரையிலும் அரமேய மொழிக் கிளைகளைப் பேசிக்கொண்டு உயிரோடு வாழ்ந்தனர். அவர் எழுதியது பெரும்பாலும் வழிபாட்டிற்குரிய சுரியானி மொழியே. வீட்டிற் பேசிய மொழி ஏடேறப் பெரிதும் பிந்திற்று. 1816 முதல் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய அதே அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1830களில் ஊர்மியாவிற்குஞ் சென்று, அங்கு அச்சியந்திரம் நிறுவி, 1849இல் அம்மக்களின் பேச்சுமொழியிற் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினர். யாழ்ப்பாணத்தில் உதயதாரகை 1841இல் தோன்றியதை அறிந்த நமக்கு இச்செய்தி அயலதன்று.

அம்மக்களுக்குப் பின்னர் நேர்ந்த துன்பம் பெரிது. 1915இல் அவருடைய ஊர்கள் பல வெறுமையாயின. 1933இல் ஈராக்கிற் பலர் கொல்லப்பட்டனர். அவர்தம் சமயத் தலைவராகிய மார் சீமோன் குடியுரிமை பறிக்கப்பெற்று நாடு கடத்தப்பட்டார். எஞ்சியோர் சிக்காக்கோவிலும் சுவீடனிலும் அவுஸ்திரேலியாவிலும் சிதறினர். ஆயினும், கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்து ஜெப்ரி கான் என்னும் அறிஞரும் அவர் மாணவரும் அம்முதியோரைத் தேடிச் சென்று, ஊர் ஊராக அவர் பேச்சைப் பதிவுசெய்தனர். பர்வார் என்னும் ஒரு மலைப்பகுதியின் பேச்சிற்கு மட்டும் இலக்கணமும் சொற்கோவையும் நாட்டுக் கதைகளுமாக மூன்று பாகங்கள் 2008இல் வெளிவந்தன. அப்பகுதியோ நம் கொத்மலைப் பிரதேசத்தினும் பெரிதாகப் புகழ்பெற்றதன்று.

நம் நிலை அதனின் வேறானது என்று அன்பர் ஒருவர் மறுக்கலாம். உண்மையே. தமிழ் கோடிக்கணக்கானோர் பேசும் மொழி. தோட்டத்துச் சொல் ஒன்று மறைவதால் அதற்கு ஊறு நேராது. ஆயின் இவ்வெண்ணமே நம்மைச் சோம்பரிருக்கச் செய்தது. தோட்டத்துப் பேச்சைக் கொச்சையென்று தள்ளிய ஆசிரியர் பலர். அவ்வாசிரியரிடம் பயின்று நாணமுற்ற மாணவருள் யாமும் இருந்தோம் என்பதை மறைத்தற்கில்லை.

அச்சொற்களை இன்று திரும்ப நோக்கும்போது அவற்றுள் ஒரு வரலாறே அடங்கியிருத்தலைக் காண்கின்றோம். விடியலில் தப்பு முழங்க ஆட்கள் கூடும் இடம் பிரட்டுக்களம். துரைமாரின் படைப் பழக்கத்திலிருந்து வந்த ஆங்கிலச் சொல்லே பிரட்டு ஆயிற்று என்பர். குடியிருந்த வரிசை வீடு லயன். அதனுள் ஓர் அறை காம்பரா. காம்பரா போர்த்துக்கேயச் சொல். ரோதை என்பதும் அம்மொழியினின்றும் வந்தது. கொழுந்து நிறுக்கும் இடமும், தாய்மார் வேலைக்குச் செல்லும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடமும் மடுவம் எனப்படும். அது சிங்களர் வழங்கும் சொல். தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றே பெயர். இவ்வாறு நான்கு மொழிகள் ஒரு லயத்து வாயிலிற் சந்திக்கின்றன. இவற்றினிடையே கொழுந்து என்னும் பழந்தமிழ்ச் சொல் பொலிவு குன்றாது நிற்கின்றது. கண்காணி என்னும் தமிழ்ச்சொல் கங்காணியாகி ஆங்கில ஏடுகளிலும் ஏறிற்று.

இவையனைத்தினும் எம்மைச் சிந்திக்கச் செய்த சொல் ‘பேர்’ என்பது. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை நிறைவேற்றினால் ‘பேர்’ கிடைக்கும். குறித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப் பேர்’. செக்றோல் என்னும் பதிவேட்டில் ஆளின் பெயருக்கு எதிரே குறி விழுந்தாலே கூலியுண்டு. ஆதலின் பெயரும் கூலியும் ஒன்றாயின. தாயொருத்தி மாலையில் வீடு திரும்பி, “இன்னைக்கு அரைப் பேருதான்” என்று கூறுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அச்சொல்லின் சுமை தெரியும். அகராதி எழுதுவோர்க்கு அதனை யார் சொல்லுவார்? ‘துண்டு’ என்பதும் இத்தகையதே. கங்காணிக்கும் ஆளுக்கும் உரிய கடனைக் குறித்து ஆளோடு தோட்டந் தோட்டமாய்ச் சென்ற சீட்டு அது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிந்தது. அதனை முதியோர் கதையாய்க் கேட்டவர்களே இன்று அரியர்.

இப்பேச்சை முதலில் எழுத்திற் பதிந்தோர் நம்மவர் அல்லர். தோட்டத்திற்குப் புதிதாய் வந்த சின்னத்துரைமார்க்குக் கையேடுகள் வேண்டியிருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பது. 1915இல் வெல்ஸ் என்பார் எழுதிய ‘கூலித் தமிழ்’ மற்றொன்று. ஆளை ஏவுதற்கு எழுந்த நூல்களாதலின் அவற்றில் ஏவல் வினையே மிகுதி. ஆள் மறுமொழி கூறுதற்கு இடம் குறைவு. எனினும் அவற்றை வெறுத்து ஒதுக்குதல் தகாது. பழைய உச்சரிப்பையும் சொல்லையும் அவை நமக்குக் காட்டித் தருகின்றன. மு. நித்தியானந்தன் 2014இல் ‘கூலித்தமிழ்’ என்னும் பெயரிலேயே ஒரு நூல் வெளியிட்டு, இக்கையேடுகளையும், 1869இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி முதலிய பழம் பிரசுரங்களையும் ஆராய்ந்து நமக்கு அளித்தார்.

நம்மவர் குரலை நம்மவரே பதிந்த வரலாறு கூறப்புகின், நமக்கு அயலிலுள்ள வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திற் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையை முதலில் நினைத்தல் வேண்டும். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பிற் பாராளுமன்றம் சென்ற எழுவருள் அவர் ஒருவர். தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதி. அடுத்த ஆண்டிலேயே, 1948இல், பிரசாவுரிமைச் சட்டம் அவரைத் தெரிந்தெடுத்த மக்களின் உரிமையைப் பறித்தது. அவர் ஆங்கிலத்திற் கவிதை எழுதினார்; தமிழில் நாவல் எழுதினார். எம் கருத்தில் அவர் செய்தவற்றுட் சிறந்தது, லயங்களிலும் மலைகளிலும் வழங்கிய தாலாட்டு, ஒப்பாரி, தொழிற்பாட்டு முதலியவற்றைத் திரட்டி 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்னும் நூலாக்கியமையே. மறு ஆண்டு அவர் மறைந்தார். அந்நூல் ஓராண்டு தாமதித்திருப்பின் நம் நிலை யாதாகும் என்பதை எண்ணவும் அஞ்சுகின்றோம். அவர்க்கு முன்னர், கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டக் கூட்டங்களிற் பாடுதற்கெனத் தாமே பாடல் புனைந்து அச்சிட்டு வழங்கினார். பின்னர் சாரல் நாடன் நடேசய்யரின் வரலாற்றையும் சி. வி.யைப் பற்றிய சிந்தனைகளையும் நூல்களாக எழுதிவைத்தார். இவர் எவரும் இப்பணிக்கெனப் பல்கலைக்கழகத்துப் பதவி பெற்றவரல்லர்.

பாட்டைப் போலவே வழிபாடும் வரலாற்றுச் சான்றாகும். மாரியம்மனும் மதுரைவீரனும் முனியாண்டியும் ஊரிலிருந்து கூடவே வந்த தெய்வங்கள். ரோதைமுனி அவ்வாறன்று, தொழிற்சாலைச் சக்கரம் சுழலும் இடத்தில், ஆளுக்கு ஊறு நேராமற் காக்கவென்று இம்மண்ணிலேயே தோன்றிய தெய்வம் அது. கவ்வாத்துத் தொடங்கும் நாளில் வணங்கப்படும் கவ்வாத்துச்சாமியும் அத்தகையதே. பெருங்கோயிற் குடமுழுக்கிற்கு மலர் வெளியிடும் நாம், தேயிலைச் செடியடியில் நட்ட கல்லொன்றிற்கு ஒரு வரி எழுதினோமில்லை. மாசித் திங்களிற் காமன் நட்டு, இரதி மதன் ஆடி, காமனை எரித்து, மீண்டும் எழுப்பும் காமன் கூத்து இன்றும் நம் தோட்டங்களில் நடைபெறுகின்றது. ஒவ்வொரு தோட்டத்திலும் அதன் பாட்டும் வேடமும் சிறிது சிறிது வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கேட்டு, எத்தோட்டத்தார் எம்மாவட்டத்தார் என்று முதியோர் சொல்லிவிடுவர்.

இங்கே பெரும் இடர் ஒன்று குறுக்கிடுகின்றது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் செம்பாதியாய்ப் பிரித்துக்கொண்டன. பகுத்தது எண்ணை, பிரிந்தது குடும்பம். ஒரு லயத்தில் தமையன் கோச்சியேறித் தலைமன்னார் செல்லத் தம்பி இங்கு நின்றான். சென்றோருட் பலர் நீலகிரியில் அரசு தோற்றுவித்த தேயிலைத் தோட்டங்களிற் சேர்ந்து மீண்டும் கொழுந்தே எடுத்தனர். 1953ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் இலங்கையில் 9,74,098 பேராயிருந்த இந்தியத் தமிழர் 1981இல் 8,18,656 பேராயினர். ஆகவே பூண்டுலோயாவின் கதையிற் பாதி இன்று கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கின்றது. அங்கு அவர் சிலோன்காரர். இங்கு நாமோ, 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முதல் இந்தியத் தமிழர். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் நாடற்றோர் என்னும் பெயர் நீங்கிற்று. 2024ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரும் இடம்பெற்றது. நாமே நமக்கு இட்ட பெயர் அரசாங்க ஏட்டில் ஏறுதற்கு நூறாண்டிற்கு மேல் வேண்டியதாயிற்று.

காப்பு முயற்சிகள் இல்லையென்று கூறமாட்டோம். கம்பளைக்கு அயலே பழைய பீக்கொக் தோட்டத்தில், லயன் காம்பராக்களையே கூடமாகக் கொண்டு, தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007இல் அமைந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூல்நிலையம் மலையகப் பிரசுரங்கள் பலவற்றைப் படியெடுத்து யாவர்க்கும் திறந்து வைத்துள்ளது. ஆயின் அச்சேறாதவை எங்ஙனம் தப்பும்? எமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில், காரியாலயத்தை வெள்ளையடித்தபோது, எண்பதாண்டுச் செக்றோல் புத்தகங்கள் மழையில் வெளியே வைக்கப்பெற்று, பின் அடுப்பெரித்தற்குச் சென்றன. செய்தவர் தீயவரல்லர். அவை எவர்க்கும் வேண்டாதவை என்றே அவர் கருதினார். வேண்டுமென்று நாமும் முன்னர்ச் சொல்லிவைத்தோமில்லை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம் செய்கின்றோம். மண்டபமும் மேடையும் கட்டுதற்கு நிதி திரட்டுவது நன்று. அதனோடு இதனையும் மேற்கொள்க. ஒரு தோட்டத்திற்கு இரண்டு பழைய மாணவர் போதும். எழுபது வயதிற்கு மேற்பட்டோரிடம் சென்று, கைத்தொலைபேசியை அருகில் வைத்து, அவரைப் பேசவிடுக. முதலில் எவ்வூரிலிருந்து வந்தனர் என்று வினவாது, அவர் கொழுந்தெடுத்த மலைகளின் பெயரைக் கேட்க. நம்பர் மலைகளுக்கு நம்மவர் இட்ட பெயர்கள் எந்தப் படத்திலும் இல்லை. பின்னர் லயத்திற்கு லயம் யார் யார் இருந்தனர், எவர் இந்தியா சென்றனர் என்று கேட்க. பாட்டை இறுதியிற் கேட்க. முதலிற் கேட்டால் வெட்கிப் பாடார். செக்றோல் புத்தகமோ பழைய கடவுச்சீட்டோ எவர் வீட்டுத் தகரப்பெட்டியில் இருப்பினும், வாங்காது படம் மட்டும் பிடித்து வருக.

சென்ற ஆண்டு எம்முள் ஒருவர் கோத்தகிரி சென்றிருந்தபோது, ஷீன் தோட்டத்திற் பிறந்த முதியவர் ஒருவரைக் கண்டார். இலங்கை நிலவரமோ விலைவாசியோ எதனையும் அவர் வினவவில்லை. காமன் பொட்டலில் நின்ற பெரிய மரம் இன்னும் நிற்கின்றதா என்றே கேட்டார். வந்தவர்க்கு விடை தெரியவில்லை. திரும்பி வந்து நேரிற் சென்று பார்த்து, அதன் படத்தை அவர்க்கு அனுப்பினோம். அவர் அம்மரத்தடியிற் பாடிய இலாவணியைத் தம் பெயர்த்தியின் தொலைபேசியில் முழுவதும் பாடி எமக்கு அனுப்பியுள்ளார். அது நாற்பது நிமிடம். அதனை எழுத்திற் பெயர்க்கும் பணி இப்போது நடைபெறுகின்றது. சில சொற்களுக்குப் பொருள் விளங்கவில்லை. அறிந்தோர் எழுதுவார்களாக.