கிணற்று நீருக்கும் கணக்கு வேண்டும்

மாலத்தீவில் ஆறுகள் கிடையாது. மழைநீர் பவள மணலில் இறங்கி, கடல்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. ஊறுவதைவிட அதிகம் இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறிவிடும். தலைநகர் மாலேயில் நன்னீர் இவ்வாறு கெட்டதால், கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கின்றனர். 2014 டிசம்பரில் அந்நிலையத்தில் தீப்பிடித்தபோது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பிற்று.

பனமலையில் உப்புநீர் அபாயம் இல்லை. ஆயினும் கணக்கு ஒன்றே. நம் கிணறுகள் பாறை வெடிப்புகளில் தேங்கும் மழைநீரையே தருகின்றன. நந்தன் கால்வாயில் நீர் வந்து ஏரி நிரம்பினால் சுற்றுக் கிணறுகளில் ஊற்றுப் பெருகும். ஏரி வறண்டிருக்கையில் ஆழ்துளைக் கிணறு இறக்குவது புதுநீரைப் படைப்பதாகாது. பழைய சேமிப்பைக் கரைப்பதேயாகும்.

ஆகவே விவசாயிகள் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கலாம்:

1. மாதந்தோறும் முதல் தேதியன்று, மோட்டார் போடுமுன், கல் கட்டிய கயிற்றால் நீர்மட்டத்தை அளந்து குறித்து வைக்கவும்.

2. பொங்கல் சமயத்தில் மட்டம் சென்ற ஆண்டைவிடத் தாழ்ந்திருந்தால் நெல் பரப்பைக் குறைத்து, உளுந்து அல்லது மணிலா பயிரிடவும்.

3. நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டவும். தேங்கிய நீர் மறைந்தபின் 5 செ.மீ. உயரம் பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடலாகாது.

4. வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏரி வரத்துக் கால்வாயை ஊர்கூடித் தூர் வாரவும்.

அடுத்தவர் கிணற்றுக்கும் நம் கிணற்றுக்கும் ஊற்று ஒன்றே. ஒருவர் மட்டும் சிக்கனம் பிடித்துப் பயனில்லை. அளந்த கணக்கை ஏரிப் பாசனத்தார் அனைவரும் ஒன்றாக வைத்துப் பார்த்துப் பயிரை முடிவு செய்வதே நலம்.