வெட்டியவரே பார்க்க வேண்டும்

மூக்கோரத்தில் வரும் ஆறாத பரு, சில சமயம் பேசல் செல் கார்சினோமா என்கிற தோல் புற்றுநோயாக இருக்கும். உயிரைப் பறிப்பது அபூர்வம். ஆனால் வெளியே தெரியும் புண்ணைத் தாண்டித் தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் வேர் ஓடியிருக்கும். அதிகம் வெட்டினால் முகம் சிதையும். குறைத்து வெட்டினால் நோய் திரும்பும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் ஃபிரெடரிக் மோஸ். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராக இருந்தபோது, துத்தநாகக் குளோரைடு திசுவைச் சாகடித்தாலும் அதன் நுண்ணமைப்பைக் கலைப்பதில்லை என்று கவனித்தார். அதைப் பசையாக்கிப் புண்ணில் பூசி, அடுக்கடுக்காகச் செதுக்கி, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். 1936இல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். பசை வலித்தது, சிகிச்சையும் நாள்கணக்கில் இழுத்தது. பிற்பாடு பசை போய், ஒரே நாளில் முடிகிற வேலையானது.

இன்று மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, கிண்ண வடிவில் மெல்லிய அடுக்கு ஒன்றை எடுக்கிறார்கள். துண்டிலும் முகத்திலும் நேருக்கு நேர் சிறு கீறல் அடையாளங்கள். துண்டின் ஓரங்களுக்கு வெவ்வேறு நிற மை. தாளில் ஒரு வரைபடம். விளிம்பும் அடிப்பாகமும் ஒரே தளத்தில் வரும்படி துண்டை அழுத்தித் தட்டையாக்கி, உறையவைத்துச் சீவுகிறார்கள். வழக்கமான சோதனையில் துண்டை ரொட்டிபோல் நறுக்கிச் சில வில்லைகளைத்தான் பார்ப்பார்கள். இடையில் வேர் தப்பிவிடலாம். இங்கே வெட்டிய எல்லை முழுவதும் கண்ணில் படும். நீல மை பக்கம் புற்றுச்செல் தெரிந்தால், அந்தப் பக்கத்தில் மட்டும் இன்னொரு அடுக்கு. நோயாளி கட்டுப்போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

தோல் மருத்துவர் என்றாலே களிம்பு எழுதித் தருபவர் என்று நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: வெட்டுபவரும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பவரும் ஒரே ஆள். இந்த முறையின் பலமே அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பை முடித்து, 1 ஆண்டு பொதுப் பயிற்சி, 3 ஆண்டு தோல் மருத்துவம், அதன்மேல் இந்த அறுவைக்கென்றே 1 ஆண்டு பயில்கிறார்கள். கையைவிடக் கண்ணைப் பழக்குவது கடினம் என்பேன். சாய்வாக வெட்டுப்பட்ட மயிர்க்கால்கூட மைக்ரோஸ்கோப்பில் புற்றுச்செல் கூட்டம் போலவே தெரியும். அதைப் புற்று என்று நம்பி வெட்டினால் நல்ல தோல் போய்விடும். மயிர்க்கால் என்று விட்டது புற்றாக இருந்தால் நோய் மிஞ்சிவிடும்.

குழியை மூடுவதும் பெரும்பாலும் அவர் பொறுப்பே. பக்கத்துத் தோலை நகர்த்தித் தைக்கலாம், வேறிடத்துத் தோலை ஒட்டலாம். கண்ணின் உள்மூலை போன்ற பள்ளமான இடங்களில் தைக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. சில வாரங்களில் அது தானாக ஆறி, தழும்பும் பெரும்பாலும் நன்றாகவே அமைந்துவிடும்.